கம்ப்யூட்டருக்குத் தைத்த பாவாடை

எங்கள் வீட்டில் துணி உடுத்தாமல் நின்ற ஒரே பொருள் வாசல் கேட்தான். அதற்கும் என் மாமியார் மனசுக்குள் அளவெடுத்திருப்பார். மழையில் ஊறி நாறும் என்று விட்டுவைத்தார். மற்றபடி ஃபிரிட்ஜ், டி.வி., மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாமே அவர் தைத்ததை உடுத்திக்கொண்டுதான் நின்றன. ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குத் தனியாக ஒரு உறை. கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கம் வைத்த கவுன். டி.வி. ரிமோட் தடித்த பிளாஸ்டிக்குக்குள் கிடக்கும்; எந்தப் பட்டன் எதற்கு என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீபாவளிக்கு எனக்கு வேட்டி சட்டை வருகிறதோ இல்லையோ, மிக்ஸிக்குப் புதுசு வந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது, மிக்ஸி இன்னும் அவர் தைத்த கடைசிச் சட்டையில்தான் இருக்கிறது.

அவர் செய்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனைத் தாண்டி எங்கள் பக்கம் பூராவும் மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாக மண் வந்து கொட்டும். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். "தொறந்து கெடந்தா தூசிதான் குடி வரும்" என்பார். அதையும் என்னிடம் சொல்லமாட்டார். என் மனைவி செல்வியிடம் சொல்வார். அவள் அம்பத்தூரில் ஆபீசுக்குப் போயிருந்தால் நிலைப்படியிடம் சொல்வார்.

மாப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுவது அவர் வளர்ந்த வழக்கத்தில் கிடையாது. பல தலைமுறையாக அந்த ஊரிலேயே பயிர் வைத்த குடும்பம். நான் தென்காசிக்காரன். எங்கள் ஊரிலும் மரியாதை உண்டு, அதற்காக இப்படியா! நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து, "காப்பி ஆறிகினு கீது" என்று குரல் மட்டும் வரும். யாருடைய காப்பி என்பதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். "சரிங்க அத்தை" என்பேன். திரை கொஞ்சம் அசையும். கல்யாணமாகிப் பல வருஷம் எங்கள் உறவு இந்த அளவில் செழிப்பாகவே நடந்தது. மாடிப் போர்ஷனில் நாங்கள் இருந்தோம். நான் மேலே இருக்கும் நேரத்தில் அவர் படி ஏறியதே இல்லை.

பொருள்களை மூடுவதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எதிர் வீட்டுப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டபோது, "ரிசல்ட்டுல ஏதோ கொயப்பமாம், திருப்பித் திருத்திகினு கீறாங்களாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். நாலு நாளில் அந்தப் பையனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். செல்வி சாம்பாரில் உப்பை வாரிக் கொட்டிய நாளில் மாமனார் தட்டைத் தள்ளினார். உடனே திரைக்குப் பின்னாலிருந்து, "நான்தான் ரெண்டு தபா போட்டுட்டேன்." மாமனார் வண்டிச் சாவியைத் தொலைத்தாலும் நான்தான், பால் பொங்கி வழிந்தாலும் நான்தான். அந்த வீட்டில் பழி போட யாரும் ஆள் தேட வேண்டியதே இல்லை.

மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகலெல்லாம் ஸ்டேஷன் பக்கம் மனை புரோக்கர்களோடு உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர், ஆனால் நாக்கு மட்டும் அரிவாள். நான் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, வீடு கட்டுகிறவர்களுக்குக் கட்டப்போகும் வீட்டை முப்பரிமாணத்தில் படம் போட்டுக் கொடுக்கும் தொழிலை மாடியில் ஆரம்பித்தபோது, "நல்ல சம்பளத்த வுட்டுட்டு பொம்ம போட்டுகினு கீறாரு" என்று டீக்கடையிலேயே சொன்னவர். தெருவில் ஒரு ஆம்பிளை பட்டப்பகலில் லுங்கியோடு மாடியில் நின்றால் கேட்கவா வேண்டும்? விசாரணை ஆரம்பமானது. அத்தை ஒரே போடாகப் போட்டார்: "கம்பெனியே மாடில ஆபீஸு வச்சிக் குட்த்துகீது." அதற்கப்புறம் தெருவில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைத்தார்கள். இரண்டு பேர் தங்கள் பையனுக்கு என் ஆபீசில் வேலை கேட்டார்கள். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, கண் கலங்கவும் செய்தது.

இனி கம்ப்யூட்டர். சுவர், ஜன்னல், வெயில், நிழல், வாசலில் ஒரு கார், காருக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வீடியோவாக்க அதற்கு மணிக்கணக்கில் பிடிக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆகவே அதன் மூளையை, செய்தவர்கள் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே முடுக்கிவிட்டேன். ஓவர்கிளாக் என்பார்கள். வண்டி பறந்தது. பறக்கிற வண்டி சூடாகும். சூடு எல்லை தாண்டினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சித்திரை பிறந்ததும் என் மிஷின் அணைய ஆரம்பித்தது.

என் வழக்கம் இது. காலையில் படத்தை ஓடவிட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மனைகளை அளக்கப் போய்விடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதியில் செத்துக் கிடக்கும். தொட்டால் தோசைக்கல். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினால் பதவிசாக ஓடும். இதிலிருந்து என் புத்திக்கு எட்டிய முடிவு: மத்தியான வெயில்தான் எதிரி. கத்திரி நடக்கிறது, மேலே வெறும் தளம், மிஷினைச் சொல்லிக் குற்றமில்லை. குளிரவைக்கும் முறையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு எதிலுமே சந்தேகம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

முதலில் காற்று. செங்கல் பருமனுக்கு ஒரு அலுமினியத் தகட்டுக் கோபுரம், நடுவே செம்புக் குழாய்கள், இரண்டு பக்கமும் விசிறி. மாட்டினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி செத்தது. அப்படியென்றால் தண்ணீர்தான். மூளையின் தலையில் ஒரு சின்னப் பம்பு உட்காரும், சூட்டை வாங்கிய தண்ணீர் குழாய் வழியாக விசிறிக்குப் போய் ஆறித் திரும்பும். வீடியோக்களில் வெள்ளைக்காரன் ஒருவன் இதை மாட்டிவிட்டு ஸ்வெட்டரோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆவடியிலிருந்து சேகர் வந்தான். பையன்கள் விளையாடுகிற கம்ப்யூட்டர்களைக் கட்டிக் கொடுக்கிறவன், என் சிநேகிதன். வீடியோவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "மச்சான், காத்தோ தண்ணியோ, ரூமுல இன்னா சூடு கீதோ அதுக்குக் கீழ எதுவும் போவாது. அவன் ஊர்ல ஐஸு கொட்டுது. நீ நெமிலிச்சேரில கீற. பேசாம வேகத்தக் கொற" என்றான். வேகத்தைக் குறைப்பதா! அதற்கு நான் பழைய வேலைக்கே போயிருப்பேனே. தண்ணீர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவனே மாட்டிக் கொடுத்தான். நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து மத்தியானம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஒரு சிணுங்கல் இல்லை. கீழே திரைக்குப் பின்னால், "கரண்டுப் பொட்டிக்குள்ள தண்ணியா வுடுவாங்க" என்று அத்தை நிலைப்படியிடம் ஆச்சரியப்பட்டதாகச் செல்வி சொன்னாள். கூலர் தண்ணீரை ஆற்றி உள்ளே குளிர்ச்சியாக வைக்கும் என்று அவள் விளக்கியிருக்கிறாள். அந்த விளக்கம்தான் எங்களைப் படுகுழியில் தள்ளியது.

ஏனென்றால் தண்ணீர்க் கூலர் வந்தபின் மிஷின் முன்னைவிடச் சீக்கிரம் சாக ஆரம்பித்தது. மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. இன்றைக்கும் போனில் என்னைக் கேட்கிறார்கள், சார், காற்று நல்லதா, தண்ணீர் நல்லதா என்று. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, அப்போது என் பிழைப்பே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு பில்டர் வரிசை வீடுகள் கட்டப்போகிறார். வெள்ளிக்கிழமை பூமி பூஜை. பந்தலில் பெரிய திரை வைத்து, வரப்போகும் வீட்டுக்குள் சுற்றிக் காட்டும் வீடியோவை ஓட்ட வேண்டும். அது பிடித்தால் அவருடைய எல்லா மனைக்கும் நான்தான். இல்லாவிட்டால் ஐதராபாத். பழைய ஆபீஸ் நண்பர் அங்கே ஒரு வேலை வைத்துக்கொண்டு, புதன்கிழமைக்குள் பதில் சொல் என்று உட்கார்ந்திருந்தார். போனால் செல்வியும் வேலையை விட்டுவிட்டு வருவாள். அத்தைக்கு அவள் ஒரே பெண். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் ஆபீசுக்குக் கிளம்பும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்ச தூரம் கூடப் போய், ரயில்வே கேட்டில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அந்தப் புதன்கிழமைதான். மனைக்காரர் வரவில்லை என்று நான் மத்தியானமே திரும்பினேன். கேட் திறந்தே கிடந்தது. தெருமுனையில் மண் லாரி வழியை அடைத்து நின்றது; எஞ்சினை அணைத்து ஓரமாக உருட்டிக்கொண்டு வந்ததால் சத்தமில்லை. வெளிப்படி ஏறி என் அறைக் கதவைத் திறந்தேன். மேஜைமேல் என் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியதுபோல மயில் கழுத்துப் பட்டில் நிற்கிறது. ஜரிகைக் கரை. பின்னால் ஒயர் வெளியே வர, காஜா தைத்த ஓட்டை. தலையிலிருந்து கால்வரை கச்சிதம். என் கல்யாணச் சட்டைகூட எனக்கு இவ்வளவு பொருந்தியதில்லை. தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தது. குப்பென்று அனல் முகத்தில் அடித்தது. மிஷின் செத்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் தூங்காமல் படித்த வெப்பக் கணக்கு, சேகரோடு போட்ட சண்டை, அந்த ஸ்வெட்டர்காரன்! விறுக்கென்று திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே மொட்டைமாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் இரண்டு கால்கள். அவை நகரவில்லை. என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் முன்னால் ஓடிவந்து உறையைக் கழற்றி மடித்து எடுத்துப் போய்விடுவது அத்தையின் வழக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாப்பிள்ளை வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மாப்பிள்ளை இல்லாத அறைக்குள் தான் வந்துபோனது தெரியவும் கூடாது. இன்றைக்குச் சத்தம் கேட்கவில்லை, அகப்பட்டுக்கொண்டார்.

அந்தக் கால்களைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உறையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மிஷினை ஆறவிட்டு மறுபடி ஓடவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடியது. நாளைக்கு ஒரு பகல் முழுக்க ஓடினால் வீடியோ முடிந்துவிடும். எனக்குத் துளி சந்தேகமில்லை, இந்த முறை நிஜமாகவே இல்லை.

சாயங்காலம் செல்வி ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. மாமனாரும் இருந்தார். இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். நாளைக்கு ஓடிவிடும் என்றேன் நான்.

"எத வச்சி சொல்றீங்க?" என்றாள் செல்வி. "பெரிய ஃபேன் வச்சா ஓடும்னீங்க. தண்ணி வச்சா ஓடும்னீங்க. இப்ப எத வச்சி ஓடும்?"

நியாயமான கேள்வி. பதில் என் வாயில் இருந்தது. அதைச் சொன்னால் மாமனார் அந்த அம்மாளை அங்கேயே கூறு போட்டுவிடுவார். சாகும்வரை சொல்லிக் காட்டுவார். தெரு முழுக்க என் மானத்தைக் காப்பாற்றிய மனுஷியை நான் எப்படிக் காட்டிக் கொடுப்பது? பம்பில் ஏதோ கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று முணுமுணுத்தேன். அது எனக்கே வழுக்கலாகத்தான் கேட்டது. மாமனார் ஐதராபாத் ஒன்றும் அசலூர் இல்லை, ரயில் ஏறித் தூங்கி எழுந்தால் வந்துவிடும் என்றார். செல்வி என் போனை எடுத்தாள். சம்மதம் என்று அடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அவளுக்கும் போக ஆசையில்லை. என்னை நம்பி நம்பிச் சலித்துப் போயிருந்தாள்.

"அனுப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

திரை விலகியது. அசையவில்லை, முழுசாக விலகியது. அத்தை கூடத்துக்கு நடுவில் வந்து டியூப்லைட்டுக்குக் கீழே நின்றார். கையில் அந்த உறை.

"அனுப்பாத. நான்தான் பொட்டிய மூடி வச்சேன். அதான் நின்னு நின்னு பூட்ச்சி."

மாமனார் சிரித்துவிட்டார். "ஆரம்பிச்சிட்டா. பால் பொங்கனாலும் நான்தான்னுவா, பஸ்ஸு கவுந்தாலும் நான்தான்னுவா."

"அம்மா, அவருக்காக நீ பழிய ஏத்துக்காத. உள்ள போ" என்றாள் செல்வி.

அந்த அம்மாளின் முகத்தை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ஆயுசு பூராவும் பொய்யாகச் சொன்ன "நான்தான்" ஒவ்வொன்றும் செல்லுபடியாயிற்று. உண்மையாகச் சொன்ன ஒன்றை யாரும் நம்பவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து உறையை உள்வெளியாகப் புரட்டி விரித்தார். பின்பக்கத்தில் விசிறியின் வட்டம் அப்படியே தூசியால் பதிந்திருந்தது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கி நெளிந்திருந்தது.

செல்வி குனிந்து துணியைத் தொட்டாள். ஜரிகையைத் திருப்பினாள். "இது என் சடங்குப் பாவாடைம்மா. எலி கடிச்சிட்டுதுன்னியே?"

"எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தெனமும் அந்தப் பொட்டி மேல மண்ணு எறங்குது. அது கெட்டா நீங்க ரெண்டு பேரும் ஊர வுட்டுப் பூடுவீங்க. ஊட்ல கீறதுலயே நல்ல துணி இதான், அதான் தச்சேன். அப்புறம் கூலரு வாங்கினாந்தாரு. தொறந்து வுட்டா கூலு பூடாதா? ஃபிரிட்ஜ மூடித்தான வெக்கிறோம். அதான் உள்ள பிளாஸ்டிக்கு வச்சேன்."

மாமனார் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்னும் நம்பிக்கை வரவில்லை அவருக்கு. அத்தை எழுந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நிலைப்படியைப் பார்க்காமல், மகளைப் பார்க்காமல், நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் நீங்க பாத்தீங்க இல்ல, மாப்ள? நான் கொடியாண்ட நின்னுகினு இருந்தேன். பாத்துட்டு இன்னாத்துக்கு சொல்லாம குந்திகினு கீறீங்க?"

எழுந்து நின்றுவிட்டேன். "பார்த்தேன் அத்தை" என்றேன். கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இது இல்லாம அது ஓடுமா?"

"ஓடும்."

"எம் பொண்ண வச்சிகினு சொல்றீங்க."

"ஓடும் அத்தை."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். "ஓடும்ன்றாரு இல்ல? அத அழி."

செல்வி அழித்தாள்.